போடி மலையில் ஏழாவது பந்து

கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்று எங்கள் பெரியம்மா பயமுறுத்துவார். எனக்குப் போனது செருப்பு. தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்குகிற அவசரத்தில் ஒற்றைச் செருப்பு கடலுக்குள் விழுந்துவிட்டது. மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் பின்னாலேயே அனுப்பிவைத்துவிட்டு, வெறுங்காலோடு இந்தியாவில் கால் வைத்தேன்.

கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பலசரக்குக் கடை முதலாளிதான் என்னை அனுப்பினார். போடிநாயக்கனூர் ஏலக்காயைத் தோட்டத்திலேயே போய்ப் பார்த்து, முகர்ந்து, கடித்து வாங்கிவர வேண்டும். கடிப்பதில் எனக்குக் கடையில் நல்ல பெயர். ஒரு காயை மென்றால் அது எந்த மலையில் காய்த்தது, எந்த மாதம் பறித்தது என்று சொல்லிவிடுவேன். இன்னொரு பெயரும் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பில் நடக்கிற கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பவன் நான். இந்த இரண்டு பெயரும் ஒரே நாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கெட்டுப்போன விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மார்கழி மாதம். போடிக்கு இரண்டு மைல் இருக்கும்போது மாட்டு வண்டியின் கடையாணி கழன்று, சக்கரம் எங்களை விட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் புறப்பட்டது. வண்டிக்காரர் பதறவில்லை. சக்கரம் போன திசையைப் பார்த்து, "அதுக்கு வழி தெரியும், அண்ணே. நீங்க இறங்கி நடங்க" என்றார். நடந்தேன். கல்லும் முள்ளும் வாயில்லாத ஜீவன்கள் என்பதெல்லாம் பொய். என் உள்ளங்காலோடு அவை நன்றாகவே பேசின.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. கொழும்புக் கடையில் ஏலக்காயைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, எண்ணி எண்ணி விற்போம். இங்கே தரையில் மலையாகக் கொட்டி, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். குறுக்கே போகிறவர்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். எனக்கு நெஞ்சு பதைத்தது.

மீராசா ராவுத்தர் அங்கே ஏலக்காய் வியாபாரி. எங்கள் முதலாளிக்குப் பழக்கம். முதலில் எனக்கு ஒரு ஜோடி செருப்புக் கொடுத்தார், பிறகு சோறு போட்டார். மனிதர்களின் தராதரம் தெரிந்தவர். இடியாப்பமும் கறிக்குழம்பும். எங்கள் யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி இல்லாவிட்டால் கல்யாணமே நின்றுவிடும். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு, நின்றால் நிற்கட்டும் என்று தோன்றியது. சாப்பிட்டதும் அவர் காட்டிய சாம்பிள்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே பேசினேன். அவர் என் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, சாம்பிளையெல்லாம் தின்னே தீர்த்துருவீக போல. மலைக்குப் போற எடத்துலயாவது கொஞ்சம் பாத்து மெல்லுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே என் சட்டையின் வலது பையில் ஒரு பிடி ஏலக்காயை அள்ளிப் போட்டுவிட்டார். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தப் பிடிதான் காரணம்.

மறுநாள் மட்டக்குதிரையில் மலையேறினேன். குதிரைக்கு என்னைப் பிடிக்கவில்லை. செங்குத்தான இடம் வந்தால் நின்று திரும்பிப் பார்க்கும். நான் இறங்கினால்தான் மேலே நடக்கும். ஆக, நாங்கள் இருவரும் நடந்தே மலையேறினோம். கீழே வெயில், பாதி வழியில் மேகம், அதற்கு மேலே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். கண்டி மலைகளிலும் நான் குளிர்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே காடு முழுவதும் வெட்டித் தேயிலை வைத்துவிட்டார்கள். இங்கே பெரிய மரங்களை நிற்கவிட்டு, அவற்றின் நிழலில் ஏலச்செடியை வளர்க்கிறார்கள். பகலிலும் கோயிலுக்குள் நடப்பது போல இருட்டு.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஒரு சிவப்புப் பந்து செடிகளுக்கு நடுவே உருண்டு வந்து குதிரையின் காலில் பட்டது. குதிரை துள்ளியது, நான் செடிக்குள் விழுந்தேன். காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். என்னைத் தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பந்தைத் தூக்கினாள். மேட்டின் மேலே, கயிற்றுப்பாய் விரித்த இடத்தில், ஒரு வெள்ளைக்காரத் துரை மட்டையோடு நின்றிருந்தார். இவள் கீழே இருந்தபடியே பந்தை வீசினாள். பாயில் விழுந்த பந்து, கடன்காரனைக் கண்டவன்போலச் சட்டென்று பக்கத்தில் திரும்பியது. துரை காற்றை அடித்தார்.

நான் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொழும்பில் படித்த பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பழகியும் வராத திருப்பம் அது.

அவள் பெயர் ஒச்சம்மா. கீழே சிலமலையிலிருந்து பறிப்புக்காக மலைக்கு வந்தவள். இருபத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு இதையெல்லாம் சொன்னவர் எஸ்டேட் ரைட்டர் சங்கரலிங்கம். தோட்டத்தின் கணக்கு வழக்குகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் பொறுப்பு. துரை சாயங்காலங்களில் ஆடிப் பழகுவார். சரிவான இடமாதலால் பந்து உருண்டு பறிப்புக்காரப் பெண்களிடம் போய்விடும். எல்லோரும் எறிவார்கள், இவள் எறிந்தால் மட்டும் திரும்பும். இரண்டு மாதமாகத் துரையே அவளை மேலே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் பந்து போடச் சொல்கிறார். முதலில் மற்றப் பெண்கள் கேலி செய்தார்களாம். துரை தினமும் இவளிடம் தோற்றுப்போவதைக் கண்டபின், கூடையை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்களாம்.

எப்படித் திருப்புகிறாய் என்று நான் அவளையே கேட்டேன். அவள் செடியின் அடியில் குனிந்து, தரையோடு படர்ந்திருந்த கொத்திலிருந்து ஒரு காயைப் பறித்துக் காட்டினாள். இழுக்கவில்லை, இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, மணிக்கட்டோடு ஒரு திருகு. இழுத்தால் கொத்தே வந்துவிடும், பிஞ்சும் பூவும் நாசமாகும், கங்காணி வைவார் என்றாள். பொழுதுக்கும் ஆயிரம் திருகு திருகுகிற கைக்குப் பந்து எம்மாத்திரம்!

ராத்திரிச் சாப்பாடு கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். சமையல்காரர் மேற்கே கேரளத்துப் பக்கத்து ஆள். ஒவ்வொரு கவளத்துக்கும் "மதியோ, மதியோ" என்று போதுமா கேட்டார். குளிரில் எனக்குப் போதவே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழிக் கடைசியில், அந்தத் தோட்டத்தில் ஆட்டம் உண்டு. எங்கள் துரையும் பக்கத்து மலைத் துரைமாரும் ஒரு பக்கம். ரைட்டர், கங்காணி, மருந்து கொடுப்பவர் முதலான தோட்டத்து ஆட்கள் ஒரு பக்கம். பக்கத்துக்கு ஏழு பேர். அந்த வருஷம் தோட்டத்துப் பக்கம் ஒருவருக்கு மலைக்காய்ச்சல். துரையே ஒச்சம்மாவைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த எனக்கு ஆட்டம் தெரியும் என்று கேள்விப்பட்டதும் என்னை அம்பயராக்கினார். இங்கிலாந்து ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம், நடுவே இலங்கை. பந்து போடுவது ஒரு பெண். இப்படி ஒரு சர்வதேச ஆட்டம் உலகத்தில் வேறெங்கே நடந்திருக்கும்?

ஆட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம், அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலில் துரை உட்கார்ந்திருந்தார். நான் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒச்சம்மாவைக் கூப்பிட்டு, தோட்டத்துத் தமிழில் வேடிக்கையாகச் சொன்னார்: நாளைக்கு உனக்கு ஒரு ஓவர், ஆறு பந்து, அதற்குள் என்னை அவுட்டாக்கினால் என்ன கேட்டாலும் தருகிறேன். ஒரு சேலை கேட்பாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் ஸ்டோரை ஒட்டிய விறகு அறையைக் காட்டினாள்.

"பறிப்பு முடியிற மட்டும் அந்த ரூம்பைப் பச்சப்புள்ளைகளுக்கு விடுங்க தொரை. சுவரு கதகதன்னு இருக்கு. செடிக்கு நடுவுல தூளி கட்டிப் போட்டா பனி தாங்கல. போன மார்கழியில எம்புள்ள ஒண்ணு இருமி இருமியே போயிருச்சு. இப்ப இன்னொண்ணு கெடக்கு."

சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அறையைப் பெண்கள் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்களாம், அவர் மறுத்துவந்தாராம். ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். அவர் என் பக்கம் திரும்பி, "நீ வியாபாரி. சொல், பிள்ளைகளின் வாடை சரக்கில் ஏறுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஏறும் என்றேன். உண்மைதானே? ஆனால் அந்த உண்மையைச் சொன்ன வாயை அன்றைக்குத் தைத்திருக்கலாம். என் தலையாட்டலைப் பார்த்தே ஒச்சம்மாவுக்கு விளங்கிவிட்டது. கோபப்படாமல், அந்த அறையில் ஏலக்காயே கிடையாதே, விறகுதானே கிடக்கிறது, நடுவே முழுச்சுவர் இருக்கிறதே என்று எனக்கே எடுத்துச் சொன்னாள். துரை எழுந்து போய் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "சரி. ஆறு பந்து" என்றார்.

மறுநாள் காலையில் மூடுபனி விலகவே பத்து மணி ஆயிற்று. மேட்டுக்கு ஒரு பக்கம் துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியில். மறுபக்கம் பறிப்புக்காரப் பெண்கள் தரையில், மடியில் பிள்ளைகளோடு. எல்லோருக்கும் பந்தயம் தெரிந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் முதலில் ஆடி நாற்பது ஓட்டம் எடுப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டார்கள். கங்காணி ஓடும்போது வேட்டி அவிழ்ந்து, அதைப் பிடிப்பதா மட்டையைப் பிடிப்பதா என்று யோசித்த நேரத்தில் அவுட்டானார்.

பிறகு துரை ஆட வந்தார். கருமேனியும் வெள்ளை உடுப்புமாக ரைட்டர் பந்து போட்டார். துரை அதைக் கொக்கு மீன் பிடிப்பதுபோல நிதானமாக அடித்தார். நல்ல ஆட்டக்காரர், சும்மா சொல்லக் கூடாது. கடைசியில் ரைட்டர் பந்தை ஒச்சம்மாவிடம் கொடுத்தார். அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

நான் பந்து எண்ணுகிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் கூழாங்கல் வைத்திருப்பேன். அன்றைக்குக் கல் தேடச் சோம்பல்; பையில்தான் ராவுத்தரின் ஏலக்காய் இருக்கிறதே! ஒவ்வொரு பந்துக்கும் வலது பையிலிருந்து ஒரு காய் எடுத்து இடது கையில் வைப்பேன். கையில் ஆறு சேர்ந்தால் ஓவர் முடிந்தது.

முதல் பந்தைத் துரை தடுத்தார். இரண்டாவதைத் தூக்கி அடித்தார். பெண்கள் பக்கம் முனகல் கேட்டது. மூன்றாவது பந்து அவருடைய காலுக்கு வெளியே விழுந்து, மட்டையைத் தாண்டி, ஸ்டம்புக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் போயிற்று. அப்படி ஒரு பந்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மெய்ம்மறந்து நின்றேன். நான்காவதை அவர் சிரமப்பட்டுத் தடுத்தார். ஐந்தாவது சுழலாமல் நேராக வந்து ஏமாற்றியது. மட்டையின் விளிம்பில் பட்டு ஆளில்லாத இடத்தில் விழுந்தது. அடுத்தது ஸ்டம்பை உரசிக்கொண்டு போனதாகவே எனக்குத் தெரிந்தது, ஆனால் ஒன்றும் விழவில்லை. ஒரு பிள்ளை அழுதது. அதைத் தவிர மலையில் சத்தமே இல்லை.

நான் கையைப் பார்த்தேன். ஐந்து காய். "இன்னும் ஒரு பந்து" என்றேன்.

ஒச்சம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பழையபடி நாலடி நடந்து, கையைச் சுழற்றினாள். துரை கண்ணில் வெறியோடு முன்னால் பாய்ந்து ஓங்கி வீசினார். பந்து அவர் மட்டைக்குக் கீழே விழுந்து திரும்பியது. நடு ஸ்டம்பு படுத்துவிட்டது.

பெண்கள் பக்கத்தில் எழுந்த குலவையில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பிவிட்டன. துரை மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நானும் சந்தோஷத்தில் எச்சில் விழுங்கினேன். அப்போதுதான் தொண்டையில் அந்த ருசி இறங்கியது. போடி மலை, ஐப்பசிப் பறிப்பு, முதல் தரம்.

மூன்றாவது பந்தின்போது மெய்ம்மறந்து நின்றேனே, அப்போது கையிலிருந்த காயில் ஒன்றை வாயில் போட்டிருக்கிறேன். நல்ல சரக்கைக் கண்டால் வாயில் போடுகிற பாழாய்ப்போன பழக்கம்! துரை அவுட்டானது ஏழாவது பந்தில்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பானோ, அப்படி நின்றேன். மிச்ச ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. துரைமார்தான் என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் ஸ்டோர்ப் பக்கம் போனேன். விறகு முழுவதும் வெளியே அடுக்கியிருந்தது. உள்ளே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள், ஒன்பதோ பத்தோ. பிள்ளை பெற்று ஓய்ந்த ஒரு கிழவி காவலுக்கு. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே பிள்ளைகள் வேர்க்க வேர்க்கத் தூங்குகின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நான் கெடுக்கப்போகிறேனா? கெடுக்காமல், அம்பயர் என்று எந்த முகத்தோடு இனி நிற்பேன்?

முதலில் ஒச்சம்மாவிடம் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. அவள் தன் நெரையில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். நெரை என்றால் ஒருத்திக்குப் பறிக்க விட்ட செடி வரிசை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் பறிப்பதை நிறுத்தவே இல்லை.

"ஏழுதான் ஐயா. எனக்கு எண்ணத் தெரியாதா?"

பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கங்காணி போதும்னு சொல்லாம நெரைய விட்டு எந்திரிச்சா வசவுதான் விழுகும். நீங்க போதும்னு சொல்லல. நான் பாட்டுக்குப் போட்டேன்." காயைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தொரைகிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க. பொய்யின்னு நானும் நிக்க மாட்டேன். ஆனா தூளிய நான் அவுக்க மாட்டேன். அவரு வேணா வந்து அவுக்கட்டும்."

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நேராகத் துரையின் பங்களாவுக்குப் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் நின்றபடியே, ஏலக்காய் மென்றது உட்பட, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசியில், அந்த அறையை மட்டும் பறித்துவிட வேண்டாம், தண்டனையாக இந்த வருஷச் சரக்கு முழுவதையும் நீங்கள் சொல்லும் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று உளறினேன். முதலாளி கேட்டிருந்தால் என்னைக் கடலில் தள்ளியிருப்பார்.

துரையின் முகம் சிவந்தது. வசவுக்குத் தயாரானேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "மட்டை பிடிக்கிறவன் எண்ணாமல் இருப்பானா? ஆறு முடிந்ததும் உன்னைப் பார்த்தேன். நீ எதையோ மென்றுகொண்டு நின்றாய். பந்தயம் முடிந்துபோயிற்று, ஓசியில் ஒரு பந்து வருகிறது, இதைப் போடி வரைக்கும் அடித்து அவளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். அதனால்தான் அப்படிப் பாய்ந்தேன்." காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஓசிப் பந்துக்கு ஆசைப்பட்டவன் எண்ணிக்கை பேசக் கூடாது. அறை அவர்களுக்குத்தான். நீ போய்ச் சரக்கைப் பார். நியாயமான விலை சொல்."

வெளியே வந்து, வாசலில் கட்டியிருந்த என் மட்டக்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என்னைக் கடித்தது. அன்றைக்கு அதுகூட வலிக்கவில்லை.

கீழே இறங்கும்போது ஒச்சம்மாவின் நெரையைக் கடந்துதான் போக வேண்டும். துரை சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, கூடையை இறக்கிவைத்துவிட்டு, விறகு அறை இருக்கும் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். கங்காணி போதும் என்று சொல்லியிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ரைட்டர் சங்கரலிங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒச்சம்மாவின் பெயர் மலைக்கு அந்தப் பக்கமும் பரவிவிட்டதாம். அவளுடைய பந்தை ஆடிப் பார்ப்பதற்காகவே தூரத்துத் தோட்டத்துத் துரைமார் மட்டையோடு வருகிறார்களாம்; வந்தவர்களில் பலர் வந்த வேகத்திலேயே திரும்புகிறார்களாம். அவளுடைய பிள்ளை நடக்கிறதாம். விறகு அறையில் இப்போது விறகு வைப்பதே இல்லையாம். பொங்கல் லீவில் பறிப்புக்காரப் பெண்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து பந்தாடுகிறார்களாம். அதில் ஒரு விசேஷம்: அவர்கள் ஆட்டத்தில் ஓவருக்கு ஏழு பந்து. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஒரு சின்னத்துரை, ஆறுதான் சட்டம் என்று சண்டைக்குப் போனாராம். ஒச்சம்மா சொன்ன பதிலை ரைட்டர் அப்படியே எழுதியிருந்தார்:

"ஆறு பந்து ஆட்டத்துக்கு, தொரை. ஏழாவது புள்ளைகளுக்கு. கொழும்பு ஐயா எண்ணிக் குடுத்தது."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயராக நிற்கிறேன். கூழாங்கல் வைத்துத்தான் எண்ணுகிறேன். ஆறாவது கல் கைக்கு வந்ததும் ஓவர் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் இன்னும் ஒரு பந்து மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது.